கையிலிருக்கும் 300 மி.மீ. லென்ஸ் பறவைக்குப் போதுமா?

கேள்வி: நவம்பர் 2, மாலை

கேமராவோடு வந்த 70-300 லென்ஸ்தான் என்னிடம் இருக்கிறது. நடக்கும் தூரத்தில் ஒரு பூங்கா, சற்றுத் தள்ளி ஒரு ஏரி. விடுமுறை நாள்களில் இரண்டுக்கும் போய் வருகிறேன். கணினியில் திறந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் பறவை ஒரு புள்ளி. பெரிதாக்கினால் உடைந்துபோகிறது. 600 மி.மீ. லென்ஸ் வாங்க முடிந்தவர்களுக்குத்தான் பறவைப் படம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

நவம்பர் 2, இரவு

மறுக்கிறேன், கணக்கு போட்டே மறுக்கிறேன். உங்கள் கேமராவில் இருப்பது பெரும்பாலும் ஏபிஎஸ்-சி எனும் சிறிய வகைச் சென்சாராக (படம் பதியும் சில்லு) இருக்கும். அகலம் ஏறத்தாழ 24 மி.மீ., உயரம் 16 மி.மீ. 20 மீட்டருக்கு அப்பால் 15 செ.மீ. சிட்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 மி.மீ. லென்ஸில் அது சென்சார்மீது 2 மி.மீ. சொச்சம்தான் விழும். புள்ளிதான், சந்தேகமில்லை. அதே 20 மீட்டரில் 60 செ.மீ. அளவுள்ள சின்னக் கொக்கு நின்றால் 9 மி.மீ.; படத்தின் உயரத்தில் பாதிக்கு மேல்.

இனி தூரத்தைப் பாருங்கள். 20 மீட்டரில் 600 மி.மீ. லென்ஸ் தருகிற அளவை 10 மீட்டரில் உங்கள் 300 மி.மீ. லென்ஸே தந்துவிடும். தூரம் பாதியானால் படத்தில் பறவை பிடிக்கும் பரப்பு நான்கு மடங்காகிறது. கிராப் செய்யும்போது இதுவே தலைகீழாக நடக்கிறது: 24 மெகாபிக்சல் படத்தின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல். திரையில் பார்க்க அது தாராளம். அதற்கும் மேல் வெட்டும்போதுதான் நீங்கள் சொல்கிற உடைசல் தொடங்குகிறது.

ஆகவே லென்ஸுக்கு முன்பு பறவையை மாற்றுங்கள். இலைக்குள் துள்ளும் கதிர்க்குருவி, தேன்சிட்டு எல்லாம் பிறகு. கொக்கு, சாம்பல் நாரை, நீர்க்காகம், நாமக்கோழி ஆகியவை உருவத்தில் பெரியவை, திறந்த வெளியில் நிற்பவை, ஒரே இடத்தில் நெடுநேரம் இருப்பவை. குறிப்பாக நீர்க்காகம். மீன் பிடித்து முடித்ததும் கல்மீதோ கட்டைமீதோ ஏறிச் சிறகை விரித்து உலர்த்தும். அமைப்புகளை மாற்றிப் பார்க்கவும், ஃபோகஸைச் சரிபார்க்கவும், இரண்டடி தள்ளி வேறு கோணம் தேடவும் அது அவகாசம் கொடுக்கும்.

நவம்பர் 3, காலை

ஒன்று விட்டுப்போயிற்று. உட்காருங்கள்.

கரையில் நின்று எடுத்தால் லென்ஸ் கீழ்நோக்கிப் பார்க்கிறது. பறவைக்குப் பின்னால் தெரிவது அதன் காலடியிலேயே கிடக்கும் தண்ணீரும் பாசியும்தான். உட்கார்ந்து லென்ஸைப் பறவையின் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பின்புலம் ஒரே தாவலில் எதிர்க்கரைக்குப் போய்விடும். தூரத்துப் பின்புலம் தானாகவே மங்கும். அதற்கென்று விலை உயர்ந்த லென்ஸ் வேண்டியதில்லை. கரை வழுக்கலாக இருக்கிறதா, பாம்பு இருக்குமா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

நவம்பர் 3, இரவு

"10 மீட்டர் வரை எந்தப் பறவை நம்மை விடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாம் போய்ச் சேர்வது ஒரு வழி. பறவை நம்மிடம் வந்து சேர்வது இன்னொரு வழி. இரண்டாவதுதான் நல்ல படம் தரும்.

முதல் வழிக்குச் சில பழக்கங்கள் வேண்டும். பறவையைக் குறிவைத்து நேர்க்கோட்டில் நடக்காதீர்கள். வேறெங்கோ போகிறவரைப் போலச் சாய்ந்த பாதையில் நடங்கள். நாலைந்து அடிக்கு ஒருமுறை நில்லுங்கள். பறவை மேய்ந்துகொண்டே இருந்தால் தொடரலாம். மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டினால் அங்கேயே நின்றுவிடுங்கள். மறுபடி மேயத் தொடங்கும்வரை அசையாதீர்கள். உடலைப் பக்கவாட்டில் திருப்பி விலகி நடக்கத் தொடங்கினாலோ, குனிந்து கால்களை மடக்கினாலோ, இரண்டடி பின்வாங்குங்கள். நாரை, பருந்து போன்றவை கிளம்புமுன் எச்சமிடுவது உண்டு. அதைக் கண்டால் பறக்கப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

முக்குளிப்பானுக்குத் தனி முறை. அது மூழ்கியதும் முன்னே செல்லுங்கள். மேலே வருமுன் நின்றுவிடுங்கள்.

ஆள்காட்டி இருக்கும் கரையில் இந்த முறை எதுவும் பலிக்காது. நீங்கள் வந்துவிட்டதை ஏரி முழுவதற்கும் அறிவித்துவிட்டுத்தான் அது ஓயும். அந்தக் கரையை விட்டு மறுகரைக்குப் போய்விடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டாம் வழி எளிது. பொறுமை மட்டும் வேண்டும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி, நாணலையோ புதரையோ ஒட்டி, பறவைகள் வழக்கமாக வந்துபோகும் இடத்துக்கு அருகே, அவை வருமுன்பே போய் உட்கார்ந்துவிடுவது. உங்கள் நிழல் எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் பறவை இருக்க வேண்டும். பூங்காவில் இது இன்னும் சுலபம். நடைபயிற்சிக்கு வருகிறவர்களை நாள்தோறும் பார்த்துப் பழகிய பறவைகள், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைப் பொருட்படுத்துவதில்லை.

நவம்பர் 9, காலை

நீங்கள் அனுப்பிய கொக்குப் படங்களைப் பார்த்தேன். தூரம் சரியாகிவிட்டது. இப்போது சிக்கல் வேறு. உடல் முழுவதும் வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. ஓர் இறகின் கோடு கூடத் தெரியவில்லை.

காரணம் இதுதான். கேமராவின் ஒளிமானி கண்ணுக்கு முன்னால் உள்ளதையெல்லாம் சேர்த்து ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. உங்கள் படத்தில் பெரும்பகுதி கருந்தண்ணீர். அதைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறது. கூட்டியதில் வெள்ளை எரிந்துவிட்டது. எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1-க்குக் கொண்டுபோங்கள். வெளிறிய வானத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும் கரிச்சானுக்கு இதன் மறுபக்கம்: பிளஸ் 1 வைக்காவிட்டால் கறுப்பு நிழலுருவம்தான் கிடைக்கும்.

எரிந்த பகுதி கண்சிமிட்டிக் காட்டும் வசதி ஏறத்தாழ எல்லாக் கேமராவிலும் உண்டு. அதை இயக்கி வையுங்கள். நிழலில் புதைந்ததை ரா கோப்பிலிருந்து (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஓரளவு மீட்கலாம். முற்றிலும் எரிந்த வெள்ளையில் மீட்பதற்கு எதுவும் இருக்காது.

இன்னொன்று. அதை உண்ணிக்கொக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அலகு கறுப்பு; ஆறாவது படத்தில் சேற்றிலிருந்து தூக்கிய கால் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். அது சின்னக் கொக்கு. உண்ணிக்கொக்கின் அலகு மஞ்சளாக இருக்கும். அந்த ஆறாவது படத்தை மறுபடி பாருங்கள். ஒரு காலை முன்னே நீட்டி, மஞ்சள் விரல்களால் சேற்றைக் கிளறிவிடுகிறது. கலங்கிய தண்ணீரிலிருந்து ஒளிந்திருக்கும் சிறுமீனும் இறாலும் துள்ளும். உடனே அலகு இறங்கும். கிளறும் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கொத்தும் கணம் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நவம்பர் 9, மாலை

முழு ஃபிரேம் கேமரா வைத்திருக்கும் ஒருவர், முதல் குறிப்பின் கணக்கு தனக்குப் பொருந்தவில்லை என்கிறார். சரியான குறுக்கீடு. சென்சாரில் விழும் கொக்கு அதே 9 மி.மீ.தான்; ஆனால் அவருடைய சென்சாரின் உயரம் 24 மி.மீ. ஆகவே படத்தில் அது பிடிக்கும் பங்கு குறைவு. ஏபிஎஸ்-சிக்கு 1.5 மடங்கு (கேனானில் 1.6) என்று சொல்வது இந்தப் பங்கைத்தான். பறவைக்குச் சிறிய சென்சார் கொண்ட கேமரா அத்தனை மோசமில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

நவம்பர் 10

ஷட்டர் வேகம் பற்றிக் கேட்டவருக்கு.

அசையாமல் நிற்கும் நாரைக்கு 1/500 விநாடி போதும். மேயும் பறவைக்கு 1/1000. பறப்பதற்கு 1/2000, தகைவிலானுக்கு 1/3200-க்குக் குறையாமல். லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். பறவையின் அசைவை அது நிறுத்தாது. 1/60-இல் எடுத்த கொக்கின் உடல் தெளிவாகவும் தலை கலங்கியும் இருப்பது இதனால்தான்.

இவ்வளவு வேகத்துக்கு வெளிச்சம் கிடைக்குமா? வெயிலுக்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: எஃப் 16-இல் (எஃப் எண் கூடினால் லென்ஸின் திறப்பு சுருங்கும்) ஐஎஸ்ஓ எண்ணையே, அதாவது ஒளியுணர்வு அளவையே, ஷட்டர் வேகமாக வைப்பது. ஐஎஸ்ஓ 100-க்கு 1/100. இதை எஃப் 5.6-க்கும் ஐஎஸ்ஓ 400-க்கும் மாற்றினால் 1/3200 வரும். நல்ல வெயிலில் உங்கள் லென்ஸுக்கு எந்தக் குறையும் இல்லை. கனத்த மேகமூட்டத்தில் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகக் குறையும். அப்போது ஐஎஸ்ஓ 1600-க்கு ஏற்றினால் 1/1600 கிடைக்கும். ஏற்றத் தயங்காதீர்கள். நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) உள்ள படத்தை மென்பொருள் சீராக்கிவிடும். அசைந்துபோன படத்துக்கு மருந்து கிடையாது.

நான் வைத்திருப்பது: மேனுவல் முறை, அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) முழுவதும் திறந்து, வேகம் மேலே சொன்னபடி, ஐஎஸ்ஓ ஆட்டோ. பறக்கும் பறவைக்கு மட்டும் ஐஎஸ்ஓவையும் ஒரே எண்ணில் நிறுத்திவிடுவேன். மரத்துக்கு முன்னாலிருந்து வானத்துக்கு முன்னால் பறவை போகும்போது பின்புலம்தான் மாறுகிறது. பறவைமீது விழும் வெயில் அதேதான். ஆட்டோ அதைப் புரிந்துகொள்ளாது.

நவம்பர் 12

எஃப் 8 வைத்தால் இன்னும் தெளிவாக இருக்காதா என்றால், லென்ஸைப் பொறுத்து இருக்கலாம். ஆனால் பாதி வெளிச்சம் போகும், பின்புலத்தின் மங்கலும் குறையும். தெளிவு விழும் ஆழத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 300 மி.மீ., எஃப் 5.6, 10 மீட்டர் என்றால் ஏறத்தாழ கால் மீட்டர், கொக்குக்குப் போதும். 5 மீட்டருக்கு வந்தால் 6 செ.மீ.தான். அங்கே வால் மங்கினால் மங்கட்டும், கண் தெளிவாக இருக்க வேண்டும். 2020-க்குப் பிறகு வந்த பல மிரர்லெஸ் கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமாகவே கண்டுபிடிக்கின்றன. பழைய கேமராவில் நடுப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக் கண்மீது நிறுத்துங்கள். தொடர் ஃபோகஸ் முறையிலேயே வையுங்கள். நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி, கேனானில் செர்வோ.

நவம்பர் 16

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள் என்று நான் சொல்வது சலிப்பூட்டுகிறது என்கிறார் ஒருவர். ஒரு மீன்கொத்தியைப் பற்றிச் சொல்கிறேன், அப்புறம் முடிவெடுக்கட்டும்.

நான் போகும் ஏரியில் தண்ணீருக்கு மேலே ஒரு பட்ட கொம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் ஓரிடத்தில் மட்டும் வெள்ளை எச்சம் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. அடியில் கிடந்த கல்லிலும் அப்படியே. ஏதோ ஒரு பறவை நாள்தோறும் அங்கே உட்காருகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. நாணலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கொம்பின் அந்த வெள்ளைப் பகுதியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தேன்.

வந்தது சிறால் மீன்கொத்தி. வாலையும் அலகையும் சேர்த்தே 16 செ.மீ.தான் இருக்கும். முதல் பார்வையில் வண்ணம்தான் கண்ணில் படும். வண்ணத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பார்த்தால் படம் தானாக வரும். தண்ணீரைப் பார்த்தபடி தலையை மேலும் கீழும் ஆட்டியது. மீன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும் அசைவு அது. ஆட்டுவது நின்று, இறகெல்லாம் உடலோடு ஒட்டி, உடம்பு மெலிந்து முன்னே சாய்ந்தால் அடுத்த நொடி பாய்ச்சல். ஷட்டரை அழுத்த வேண்டியது அந்தச் சாய்வில்தான். பாய்ந்த பிறகு அழுத்தினால் கொம்பு மட்டும் கிடைக்கும். மீனோடு திரும்பி வந்தால் அதே கொம்புக்குத்தான் வரும். மீனைக் கொம்பில் இடமும் வலமும் அடித்துத் துவளவைத்து, அலகுக்குள் திருப்பி, தலைப்பக்கம் உள்ளே போகும்படி விழுங்கும். செதிலும் துடுப்பு முள்ளும் தொண்டையில் குத்தாமல் இருக்க அதுதான் வழி. இந்த அடித்தல் உங்களுக்குச் சில நொடிகளைத் தரும். வேறு எந்தப் பறவை இவ்வளவு ஒழுங்காக ஒரே இடத்தில் நமக்கு வாய்ப்புத் தருகிறது?

கவனிக்க வேண்டிய இன்னொன்று இங்கே இருக்கிறது. சில நாள்களில் மீனின் தலை அலகுக்கு வெளியே பார்த்தபடி இருக்கும். அப்படியானால் அந்த மீன் அதற்கு இல்லை. இணைக்கோ குஞ்சுக்கோ கொண்டுபோகிறது. ஊட்டும்போது வாங்கிக்கொள்வதன் தொண்டையில் தலை முதலில் போக வேண்டும் அல்லவா? மீன்கொத்தி கரையின் மண் சரிவில் வளை தோண்டிக் கூடு வைப்பது. மீனை அப்படி வைத்துக்கொண்டு கொம்பிலேயே உட்கார்ந்து, வளைக்குப் போகாமல் உங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால், வழியை நீங்கள்தான் அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கேமராவை மூடி வைத்துவிட்டு எழுந்து தள்ளிப் போய்விட வேண்டும். இந்த இடத்தில் எனக்குச் சமரசம் கிடையாது.

நவம்பர் 17

கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது பற்றி. வேண்டாம். அது நட்பாக வருவதில்லை. தன் எல்லைக்குள் போட்டியாளன் புகுந்துவிட்டான் என்று நம்பி, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. கூட்டுக்கு முன்னாலுள்ள இலைகளை விலக்கி எடுப்பதும் கூடாது. அந்த இலைதான் குஞ்சுக்கு நிழல். காகத்தின் கண்ணிலிருந்து அதை மறைப்பதும் அந்த இலைதான். ஆந்தை உட்காரும் பொந்தையோ கூடு உள்ள மரத்தையோ இடம் குறிப்பிட்டு யாருக்கும் அனுப்பாதீர்கள். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் இடக்குறியும் சேர்ந்தே போகும். அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

நவம்பர் 21

150-600 லென்ஸ் வாங்கியும் படமெல்லாம் கலங்கலாக வருகிறது, லென்ஸில் பழுது இருக்குமோ என்று கேட்டவருக்கு: எடுத்தது நண்பகல், எதிர்க்கரையிலுள்ள பறவை, நடுவே காய்ந்த சேற்றுப் பரப்பு. பழுது லென்ஸில் இருக்காது என்றே நினைக்கிறேன். சூடான தரையிலிருந்து எழும் காற்று நெளிகிறது. அந்த நெளிவினூடே பார்க்கும் எந்த லென்ஸும், எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், கலங்கலைத்தான் பதிவு செய்யும். நீளமான லென்ஸ் அதைப் பெரிதாக்கியும் காட்டும். வெயில் ஏறுமுன் 10 மீட்டரில் ஒரு பெயர்ப்பலகையை 1/2000-இல் எடுத்துப் பாருங்கள். எழுத்து கூர்மையாக வந்தால் லென்ஸ் நலம். முன்னால் மாட்டிய வடிகட்டிக் கண்ணாடி மலிவானது என்றால் அதையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

குளிரூட்டிய காரிலிருந்து வெளியே எடுத்ததும் சிறிது நேரம் லென்ஸில் ஆவி படியும். துடைத்துக்கொண்டே இருக்க வேண்டாம். பைக்குள் வைத்தபடியே வெளிச்சூட்டுக்கு வரவிட்டு, பிறகு எடுங்கள்.

நவம்பர் 22

மேலே உள்ளதைப் படித்துவிட்டு, நான் நீண்ட லென்ஸுக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொக்கும் நீர்க்காகமும் 300-க்குள் அடங்கும். பூங்காவின் உச்சிக்கிளையில் உள்ள தேன்சிட்டுக்குத் தூரத்தைக் குறைக்க வழியில்லை. மரம் ஏறி நிற்க முடியாது. அங்கே 400-க்கும் 300-க்கும் வேறுபாடு தெரியும், 600-க்கு இன்னும் நன்றாகத் தெரியும். சிறு பறவையே உங்கள் ஆசை என்றால், 100-400 வகையையோ 150-600 வகையையோ ஒருவர் பயன்படுத்தியதாகப் பாருங்கள். வாங்குமுன் அதைக் கையில் ஏந்தி நடந்து பாருங்கள். 150-600 வகை பெரும்பாலும் இரண்டு கிலோவை ஒட்டியிருக்கும். எடைக்குப் பயந்து வீட்டில் வைத்துவிட்டுப் போகும் லென்ஸால் பயன் எதுவுமில்லை.

டெலிகன்வர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் துணைக்கருவி) கேட்டவர்கள் இருக்கிறார்கள். 1.4 மடங்கு வகை வெளிச்சத்தில் பாதியைத் தின்னும். 2 மடங்கு வகை முக்கால்வாசியை. எஃப் 5.6 என்பது முறையே 8, 11 ஆகிவிடும். 70-300 போன்ற லென்ஸுக்கு அதை மாட்டும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

ஜூம் நீண்ட சிறு கேமராக்கள் வேறு வகை. நிக்கான் பி900 (2015) 2000 மி.மீ.க்கு ஈடாகவும், பி1000 (2018) 3000 மி.மீ.க்கு ஈடாகவும் நீளும். பறவையை அடையாளம் காணவும் நல்ல வெயிலில் படமெடுக்கவும் இவை பயன்படும். சென்சார் மிகச் சிறியது. நிழலுக்குப் போனால் இறகின் நுணுக்கம் கரைந்துவிடும். பறக்கும் பறவையைத் தொடர்வதும் கடினம்.

நவம்பர் 29

பறக்கும் படத்துக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டீர்களே, மகிழ்ச்சி.

காற்றை முதலில் பாருங்கள். பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே பறக்கும். காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும் நாளில் வரும் பறவையெல்லாம் முகத்தைக் காட்டியபடி வரும். எதிர்க்காற்றில் நின்றால் வால்தான். நான் அந்த நாளில் கரையை மாற்றிவிடுவேன்.

நாமக்கோழியில் தொடங்குங்கள். தண்ணீரிலிருந்து அது சட்டென்று எழும்பாது. நீர்ப்பரப்பின்மீது காலால் தட்டித் தட்டி நெடுந்தூரம் ஓடித்தான் மேலேறும். நீர்க்காகமும் அப்படித்தான். ஓடத் தொடங்கியதும் கேமராவைத் தூக்கினாலும் நேரம் இருக்கும். அடுத்து கொக்கு, நாரை. சிறகடிப்பு மெதுவானது, பாதை நேரானது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி உள்ள ஏரி என்றால் அதிர்ஷ்டம். தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும்.

ஜூமைக் குறைத்துப் பறவையைத் தேடுங்கள். கண்டுபிடித்த பின் நீட்டுங்கள். வருமுன்பே ஏறத்தாழ அதே தூரத்திலுள்ள ஏதாவது ஒன்றில் ஃபோகஸ் வைத்துக்கொண்டால் லென்ஸ் தடுமாறாது. அழுத்திய பிறகும் கேமராவைச் சுழற்றுவதை நிறுத்தாதீர்கள்.

இவற்றுக்காகப் பறவையைக் கல்லெறிந்து கிளப்புகிறவர்கள் உண்டு. குளிர்காலத்துக்கு வந்திருக்கும் வாத்துக்கூட்டம் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பை நம்பித்தான் திரும்பும் பயணத்தையே தொடங்குகிறது. வீணாக எழுப்பும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் போகிறது. அப்படி எடுத்த படத்தை நான் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

டிசம்பர் 6

இரண்டு சிறு விஷயங்கள்.

வக்காவின் கண்ணில் பால் படிந்ததுபோல் இருக்கிறது, நோயா என்று கேட்டிருந்தீர்கள். நோய் இல்லை. பறவைக்கு மூன்றாவது இமை உண்டு. கண்ணின் குறுக்கே பக்கவாட்டில் ஓடிக் கண்ணை ஈரமாக்கிவிட்டுத் திரும்பும். அந்தக் கணத்தில் ஷட்டர் விழுந்திருக்கிறது. தொடர் படங்களில் முந்தியதையோ பிந்தியதையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றது, பறக்கும் கொக்கின் சிறகு ரப்பரைப்போல் வளைந்திருப்பது. ஓசையில்லாத மின்னணு ஷட்டரில் எடுத்திருக்கிறீர்கள். பல கேமராக்களில் அது சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். படித்து முடிப்பதற்குள் சிறகு நகர்ந்துவிடுகிறது. பறப்பதற்கு இயந்திர ஷட்டர், உட்கார்ந்திருப்பதற்கு ஓசையில்லாதது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 14

மங்கிய படங்களையெல்லாம் அழித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குள் உங்களுக்குப் பெயர் தெரியாத பறவை எதுவும் இல்லையே?

இருந்திருந்தால் அதை வைத்திருக்க வேண்டும். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் யார் வேண்டுமானாலும் தாம் கண்ட பறவைகளைப் பட்டியலிடலாம். பட்டியலோடு படத்தையும் சேர்க்கலாம். அங்கே படத்தின் அழகு கணக்கில் வராது. அலகின் நிறமும் கண்புருவக் கோடும் தெரிந்தால் போதும். ஓர் ஏரிக்கு அரிதான பறவை வந்தது என்பதற்கு அதுவே சான்று. பெயர் தெரியாவிட்டால் அதே ஆய்வகத்தின் மெர்லின் செயலி உதவும். படத்தைக் கொடுத்தாலும் குரலைக் கேட்கவிட்டாலும் சொல்லும். சொன்னதை அப்படியே ஏற்காமல் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளான் வகைகளிலும் கதிர்க்குருவிகளிலும் பெயரை உறுதி செய்வது நிபுணருக்கே சிரமமான வேலை.

பட்டியல் எழுதும் பழக்கம் படத்துக்கும் உதவுகிறது. எந்த மாதத்தில் எந்தப் பறவை எந்தக் கரையில் இருந்தது என்பது என் பழைய பட்டியல்களில் இருக்கிறது. கிளம்புமுன் அதைத்தான் புரட்டுகிறேன்.

டிசம்பர் 15

நேற்றைய குறிப்புக்கு ஒரு துணுக்கு. உங்கள் படங்களில் பதிவாகியிருக்கும் நேரம் இரவு ஒன்றரை மணி என்று காட்டுகிறது. வெயிலோ காலை வெயில். கேமராவில் தேதியையும் நேரத்தையும் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு எடுத்தவற்றைப் பதிவேற்றுங்கள். ஏற்கெனவே எடுத்தவற்றின் நேரத்தை மொத்தமாக மாற்றப் படத்தொகுப்பு மென்பொருள் பலவற்றில் வசதி உண்டு.